மாமாவிடம் எத்தனை மூட்டை மஞ்சள் இருக்கிறது?

என் தாய்மாமன் செல்போனில் மஞ்சள் விலை பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தது 2023 மாசியில், ஒரு மத்தியானம். அதற்கு முன் இரண்டு வருடமாக அந்த விலையை எழுதிக்கொண்டிருந்தவள் நான்தான். ஈரோட்டில் ஒரு விவசாயத் தகவல் தளத்தில் வேலை. பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு கூட்டுறவுச் சங்கம், கோபி சங்கம் என்று ஒவ்வோர் இடத்து ஏலமும் முடிய முடிய போன் போட்டுக் கேட்டு, விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு, வந்தது எத்தனை மூட்டை, விற்றது எத்தனை மூட்டை என்று ஏற்ற வேண்டும். யார் படிக்கிறார்கள் என்று கேட்டால் அறிக்கையைத் திறந்து காட்டுவேன். அதில் கோடு ஏறும், இறங்கும். ஆளைப் பார்த்ததில்லை.

மாமாவுக்குக் கொடுமுடிப் பக்கம் காலிங்கராயன் பாசனத்தில் நிலம். கையில் இருந்தது மகன் தூக்கிப்போட்ட பழைய போன், ஓரத்தில் கண்ணாடி விரிசல். கட்டிலில் உட்கார்ந்து எங்கள் பக்கத்தைத் திறந்தார். தலைப்பைத் தாண்டினார். ஏற்றுமதி நிலவரம் என்று நான் முந்தின நாள் ராத்திரி மெனக்கெட்டு எழுதிய இரண்டு பத்தியைக் கட்டைவிரலால் ஒரே தள்ளு தள்ளினார். ‘விரலி’ என்ற சொல் வந்ததும் விரல் நின்றது. இரண்டு விரலால் அதை மட்டும் பெரிதாக்கினார். அதிகபட்ச விலையைப் பார்த்தார். “ம்” என்றார். போனைக் கவிழ்த்துவைத்தார்.

அந்த நேரம் பார்த்து மும்முனைக் கரண்ட் வந்தது. மோட்டார் போடப் போனவர், மடை திருப்பிவிட்டு, எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி போனை எடுத்து கோபி விலையைத் திறந்தார். நடுவில் 24 நிமிடம்.

நாங்கள் அப்போது வைத்திருந்தது, தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு. ஒரு பக்கத்தைத் திறந்த நேரத்துக்கும் அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் அது படித்த நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் அசைவில்லாமல் இருந்தால்தான் வருகை முடிந்ததாகக் கணக்கு. ஆக, மாமா மடை திருப்பிய 24 நிமிடமும் என் கட்டுரையை ஊன்றிப் படித்த நேரமாக ஏறியிருக்கும். கோபி விலையைப் பார்த்துவிட்டு வேறெதுவும் திறக்காமல் போனார் இல்லையா, அந்தப் பக்கத்துக்குப் பூஜ்யம். அடுத்த பக்கம் இல்லாததால் கழிக்க ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் ஒன்றை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டு அப்படியே மூடிய புண்ணியவானும் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான்.

இந்த எண்களை வைத்துத்தான் இரண்டு வருடம் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்துகொண்டிருந்தோம். ஏற்றுமதி நிலவரப் பத்திகள் நீண்டுகொண்டே போனதற்கும் இதுதான் காரணம்.

அந்த வருடம் ஜூலை 1-ல் பழைய பதிப்பு கணக்கெடுப்பதை நிறுத்தியது. புதியது வந்தது. பக்கம் கண் முன்னால் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் எண்ணும். பரவாயில்லை, இது கொஞ்சம் நேர்மை. ஆனால் அதற்கும் ஒரு கோடு உண்டு. 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்துவைத்த ஒன்றைச் செய்தாலோதான் அது ஈடுபாடுள்ள வருகை. மாமா மாதிரி ஆட்கள் ஆறு விநாடியில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களிடம் அதிகம் பேர் வரும் விலைப் பக்கம், அறிக்கையில் மோசமான பக்கமாகப் போய் உட்கார்ந்தது.

மேலதிகாரி சொன்னார்: விலையைக் கடைசிக்குத் தள்ளு.

தள்ளினேன். நான்தான் தள்ளினேன். முதலில் வரத்து நிலவரம், அப்புறம் வியாபாரிகள் கருத்து, நடுவில் இரண்டு விளம்பரம், அடியில் விலை. ஒரே வாரத்தில் கோடு ஏறியது. பக்கத்தின் 90 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கருவி அதைத் தனியாகக் குறிக்கும். அந்த எண்ணும் ஏறியது. அலுவலகத்தில் எல்லாருக்கும் பப்ஸ் வந்தது. நானும் தின்றேன்.

பத்து நாள் கழித்து மாமா கூப்பிட்டார். “ஏனம்மிணி, உன்ற பக்கத்துல வெலையப் பாக்கறதுக்குள்ள ரெண்டு ஏக்கரா தாண்ட வேண்டியிருக்குது? இப்ப நானு பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குப் போனு போட்டுக் கேட்டுக்கறன்.”

அறிக்கையில் இது எங்கும் இல்லை. போனவர்கள் ஏன் போனார்கள் என்று சொல்லிவிட்டா போகிறார்கள்? இருப்பவர்கள் அலைந்து தேடும் நேரத்தைத்தான் கருவி எண்ணுகிறது. அலைச்சலும் ஆர்வமும் அதற்கு ஒன்றே. விலையைத் திரும்ப முதல் வரிக்கே கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பாதி நேரம் வாக்குவாதத்தில் போயிற்று, மீதி நேரம் என் பயத்தில். நேரக் கணக்கு இறங்கியது. அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போன வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த வாரமும் வந்தார்கள் என்பதை மட்டும் பார்க்க ஆரம்பித்தோம். சந்தைக்குப் போய் வந்தவன் மறுவாரமும் அதே கடைக்குப் போகிறானா என்று பார்ப்பது போலத்தான்.

கிழங்கு அழுகல் பற்றிய பக்கம் இதற்கு நேர் எதிர். ஐப்பசி மழையில் தோட்டத்தில் தண்ணீர் நின்று இலை மஞ்சளாகும்போது வருபவர்கள் ஆறு விநாடியில் போனால் அது உண்மையிலேயே என் தோல்வி. ஆனால் அந்தப் பக்கத்திலும் பாதிப் பேர் எழுத்தைத் தொடுவதே இல்லை, படத்திலேயே நிற்கிறார்கள் என்று தெரிந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். சிவகிரியிலிருந்து போன் செய்த ஒருவர் சொன்னார்: இலையைப் பறித்து வந்து போன் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாராம். எங்கள் படமோ யாரோ வெயிலில் எடுத்தது, வெளிறிப் போய்க் கிடந்தது. நான் 900 சொல்லைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியிருந்தது ஒரு படம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஒரு பக்கத்தின் எண்ணைத் திறப்பதற்கு முன், இங்கே வருபவருக்கு என்ன சோலி என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வேன். விலை பார்த்துவிட்டுப் போக வேண்டும். இலையை ஒத்துப் பார்க்க வேண்டும். மானியத்துக்கு என்ன தாள் வேண்டுமென்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வரி இல்லாமல் எண்ணைப் பார்த்தால் எந்த எண்ணையும் நமக்குச் சாதகமாகப் படிக்கலாம். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவேன், கேள்வி கேட்காமல். கேட்டால் “நல்லாயிருக்குதுங்க” என்றுதான் சொல்வார்கள். நம்ம பக்கத்து மரியாதை அப்படி.

இன்னொன்று. அறிக்கையில் ‘பயனர்’ என்று வருவது ஆள் அல்ல. மாமா வீட்டில் ஒரு போனில் மூன்று பேர் பார்க்கிறார்கள். பகலில் மாமா, சாயங்காலம் அத்தை, ராத்திரி ஒன்பதாவது படிக்கும் பேரன். கருவிக்கு மூவரும் ஒரே ஆள். என்னிடம் இரண்டு போனும் ஒரு கம்ப்யூட்டரும் இருப்பதால் நான் மூன்று பேர். கொடுமுடியில் படிப்பவர் சில நாள் கோயம்புத்தூர்க்காரர், சில நாள் சென்னைக்காரர். செல்போன் நெட்டின் முகவரியை வைத்து ஊர் சொன்னால் அப்படித்தான் வரும். “எங்கள் வாசகர்களில் இத்தனை சதவீதம் சென்னை” என்று விளம்பரதாரரிடம் ஒருமுறை நான் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு.

எங்கள் தளத்தில் ஒரு தேடல் பெட்டி இருந்தது. அதில் தட்டுவதெல்லாம் அறிக்கையில் ஒரு பட்டியலாக விழும். பாலிஷ் கூலி, வேக வைக்க எத்தனை மணி நேரம், விதை மஞ்சள் எங்கே கிடைக்கும். எழுத விஷயம் கிடைக்காத நாளில் அந்தப் பட்டியல் எனக்கு ஊற்றுக்கண். ஒரு ராத்திரி அதில் ஒரு நீண்ட வரி. யாரோ ஒரு பெண், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல், பெட்டியிடம் கேட்டிருந்தார். கடன் சம்பந்தப்பட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு சிலதை மாற்றித்தான் இங்கே சொல்கிறேன். வீட்டில் தெரியக்கூடாது என்பது அந்த வரியிலேயே இருந்தது. ஊர்ப் பெயரும் இருந்தது.

அடுத்த நாள் நான் எழுதிய கட்டுரை அந்த வரியோடுதான் தொடங்கியது. ஊர்ப் பெயரோடு. ஆள் பெயர் போடவில்லையே என்று எனக்குள் சமாதானம். தொடக்கம் நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு.

மூன்றாம் நாள் அலுவலக எண்ணுக்கு ஒரு அழைப்பு. பேர் சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “அது நானுதானுங்க. எங்கூர்ல அந்த நோட்டீசு வந்தது ரெண்டு ஊட்டுக்குத்தானுங்க” என்றார். உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுத்தும்விட்டேன், பத்து நிமிடத்தில். அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள் என்று அவரே சொன்னார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கட்டுரை மட்டும்தான் என் கையில் இருந்தது. அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.

பிறகுதான் படித்தேன், இது பழைய கதை. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ஆராய்ச்சிக்கு உதவும் என்று சுமார் 6,50,000 பேர் தேடிய ஏறத்தாழ 2 கோடித் தேடல்களைப் பொதுவில் வைத்தது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். சில நாளிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாகப் படித்து, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு 62 வயது அம்மா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். சொந்த ஊரில் என்னென்ன கிடைக்கும், தன் குடும்பப் பெயருள்ளவர்கள் யார், சிநேகிதர்கள் உடம்புக்கு என்ன என்றுதான் அவர் தேடியிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. பெரிய நாட்டிலேயே அப்படியென்றால், யார் வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கிறது என்று பஸ் ஸ்டாப்பிலேயே தெரிந்துவிடும் நம் ஊரில் பெயரை எடுப்பதால் என்ன மறையப்போகிறது? ஊர், சாதி, பயிர், எத்தனை ஏக்கர் என்று மூன்று நான்கு சேர்ந்தால் போதும், டீக்கடையில் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

கூகுள் தேடலிலிருந்து எங்கள் தளத்துக்கு வருபவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்பதைச் சர்ச் கன்சோல் காட்டும். அதில் மிகச் சிலரே தேடிய சொற்கள் தெரியாது. சில டஜன் பேருக்கு மேல் தேடியிருந்தால்தான் பட்டியலில் வரும். முன்பு அதைக் குறை என்று திட்டுவேன். எங்கள் பெட்டிக்கு அப்படி ஒரு வடிகட்டி கிடையாது. இத்தனைக்கும் பெயர், போன் நம்பர் போன்றவற்றைத் தன் கருவிக்குள் அனுப்பக்கூடாது என்று அனலிட்டிக்ஸ் விதியே சொல்கிறது. பெட்டியில் ஆட்கள் தட்டிய போன் நம்பர்கள் எத்தனை போயிருக்கும் என்று பின்னால் தேடிப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

இப்போது பெட்டியின் பட்டியலை நான் நேராகப் பார்ப்பதில்லை. பத்துப் பேருக்குக் குறைவாகத் தட்டியதும், எண் உள்ளதும் கழிந்த பிறகு மிச்சம் இருப்பது மட்டும் வரும்படி எங்கள் கம்ப்யூட்டர் தம்பி செய்து கொடுத்தான். கட்டுரைக்கு ஒருவர் கதை வேண்டுமென்றால் போன் போட்டு, எங்கே வரும், எப்படி வரும் என்று சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகு போடுகிறேன். நேரம் பிடிக்கிறது. சில கட்டுரை சப்பென்று தொடங்குகிறது. தொடங்கட்டும்.

அடுத்து அந்தப் படிவம். தினமும் விலையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், பதிவு செய்யுங்கள் என்று 2022-ல் ஒன்று போட்டோம். உழவர் சந்தையில் நோட்டு வைத்து எழுதியும் வாங்கினோம். பெயர், செல் நம்பர், ஊர், பிறந்த தேதி, எத்தனை ஏக்கர், என்ன ரகம். கடைசியாக ஒரு கட்டம்: கையிருப்பு எத்தனை மூட்டை? விலை அனுப்ப நம்பர் ஒன்று போதும். மற்றதெல்லாம் ஏன் என்று அன்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. “இருந்துட்டுப் போகட்டும், பின்னால ஆகும்” என்பதுதான் காரணம்.

மஞ்சள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக் கட்டத்தின் கனம் தெரியும். வேக வைத்துக் காய வைத்த மஞ்சளை வருடக் கணக்கில் குடோனில் போட்டு வைக்கலாம். விலை ஏறட்டும் என்று காத்திருப்பதுதான் விவசாயி கையில் இருக்கும் ஒரே பேரம். யாரிடம் எத்தனை மூட்டை தேங்கியிருக்கிறது, அவர் வீட்டில் வைகாசியில் கல்யாணமா என்று வாங்குபவனுக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பேரம் அப்போதே முடிந்தது.

அந்த நாட்களில் இரண்டு வாரம் ஒரு கருவியை இலவசமாகப் போட்டுப் பார்த்தோம். ஆட்கள் பக்கத்தில் எங்கே தொடுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதைப் படம் மாதிரி ஓட்டிக் காட்டும். கட்டங்களில் தட்டுவது புள்ளியாகத்தான் தெரியும், எழுத்து தெரியாது. ஒருவர் மூட்டைக் கட்டத்துக்கு வந்தார். மூன்று புள்ளி. அழித்தார். கொஞ்ச நேரம் அசைவில்லை. இரண்டு புள்ளி. அதையும் அழித்துவிட்டு மறுபடி இரண்டு புள்ளி. அவர் ஏதோ யோசிக்கிறார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவருக்குத் தெரியாது. பதிவு செய்கிறோம் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அன்றைக்கே அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். படிவத்தை எடுக்கச் சொல்ல மட்டும் அப்போது தோன்றவில்லை.

2024-ல் மஞ்சள் வியாபாரத்தில் இருக்கும் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். யாரென்று சொல்லத் தேவையில்லை. நயமாகத்தான் பேசினார். லிஸ்ட் இருக்கிறதாமே, விளம்பரத்துக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் நல்ல தொகை என்றார். மேலதிகாரி கெட்டவர் இல்லை. சம்பளம் போட வேண்டிய கவலை அவருக்கு. “அவங்களா விரும்பிக் கொடுத்ததுதானே?” என்று என்னைப் பார்த்தார்.

முடியாது என்று மேசையைத் தட்டிச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். பட்டியலில் மேலிருந்து இருபது பேருக்குப் போன் போட்டேன். பாதிக்கு மேல் கொடுத்ததே ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தவர்கள் “வெல வரும்னு கொடுத்தமுங்க” என்றார்கள். வேறு எதற்கும் கொடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் உட்கார்ந்து படித்தேன். 2023 ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த சட்டம். சட்டத்துக்குள்ளேயே உதாரணங்கள் இருப்பது எனக்குப் பிடித்தது. போன் வழியாக வைத்தியம் பார்க்கும் ஒரு செயலி, வைத்தியத்துக்கும் சம்மதம் கேட்கிறது, போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கவும் கேட்கிறது. ஆள் இரண்டுக்கும் சரி என்று தட்டிவிட்டாலும், வைத்தியத்துக்கு அந்த எண்கள் தேவையில்லாததால் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டுமே என்கிறது. எங்கள் மூட்டைக் கட்டம் அப்படியே இதில் இருந்தது. நோட்டில் எழுதி வாங்கிப் பிறகு எக்செல்லில் ஏற்றியதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதிலும் படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

மேலதிகாரி, இன்னும் அமலுக்கே வரவில்லையே என்றார். உண்மைதான். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்தும் 18 மாத அவகாசம். சரி, அபராதம் எவ்வளவு என்று கேட்டார். தரவைப் பாதுகாக்கத் தவறினால் உச்சம் 250 கோடி ரூபாய் என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “ஆபீச வித்தா அட்வான்சுக்குக்கூட ஆகாதே” என்றார். வியாபாரிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் நியாயம் ஜெயித்ததா, அந்தத் தொகை ஜெயித்ததா என்று நான் ஆராயவில்லை.

படிவத்தைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இது எதற்கு என்று ஒரு வரி தமிழில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். செல் நம்பர்: விலை அனுப்ப. எந்தச் சந்தை: அந்தச் சந்தை விலை மட்டும் அனுப்ப. பிறந்த தேதி என்று எழுதி அரை மணி நேரம் யோசித்தேன். ஒன்றும் எழுத வரவில்லை, கட்டம் போயிற்று. ஏக்கர் போயிற்று. மூட்டை போயிற்று. ‘நிறுத்து’ என்று அனுப்பினால் நம்பர் அழிந்துவிடும். அனலிட்டிக்ஸில் தனித்தனி நடவடிக்கைத் தரவை வைத்திருக்கும் காலத்தை 14 மாதமாக நீட்டி வைத்திருந்தோம்; அதையும் பழையபடி 2 மாதம் ஆக்கினேன். ஒரு வருடத்துக்கு முந்தைய மாமாவின் கட்டைவிரலை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

பழைய எக்செல்லை அழிக்கும்போது ஒரே ஒரு தப்பு செய்தேன். கடைசியாக ஒருமுறை கீழே வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கொடுமுடி என்ற இடத்தில் மாமா பெயர் இருந்தது. கையிருப்பு: 12 மூட்டை. அந்த வருடம் பொங்கலுக்குப் போனபோது குடோன் கதவு முழுசாகத் திறக்க முடியாமல் மஞ்சள் அடுக்கியிருந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது கேட்டுவிட்டேன். “ஏனுங்க மாமா, படிவத்துல பன்னெண்டுன்னு போட்டிருக்கறீங்க, குடோன்ல நூறுக்குக் கொறையாம இருந்துச்சே?”

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“கேக்கறது நீயின்னு எனக்கென்ன தெரியும் கண்ணு? நீயின்னு தெரிஞ்சிருந்தா இருவதுன்னு போட்டிருப்பன்.”